இன்ஜெக்டர் மாற்றிய பிறகு லாரி மிஸ்ஸிங் அடித்தால் எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். பத்துச் சக்கர லாரி, ஆறு சிலிண்டர், பிஎஸ்4 காமன் ரெயில் இன்ஜின் (ஒரே பொதுக் குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் வகை). ஆறு இன்ஜெக்டரையும் மாற்றி நான்கு நாள் ஆகிறது. மாற்றிய அன்றிலிருந்து ஐடிலிங்கில் குலுங்குகிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, ஏற்றத்தில் பிக்கப் இல்லை. இன்ஜெக்டர் கொடுத்தவர் "டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன், என் சரக்கில் குறை இல்லை" என்கிறார். மாட்டிய மெக்கானிக் இன்ஜெக்டர் மேல் பழி போடுகிறார். மூன்றாவதாக ஒருவர் வந்து "ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மிஸ்ஸிங்குக்கு, அதாவது சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுப்போவதற்கு, என்ன காரணம் என்று எழுதியிருந்தாலும், இந்த மூன்று பேரில் யார் பேச்சைக் கேட்டு அடுத்த பணத்தை எடுப்பது என்பதுதான் உங்கள் கேள்வி. இப்போதைக்கு யார் பேச்சையும் கேட்க வேண்டாம். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று முதலில் தெரியட்டும். அது தெரிந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

நான் சங்ககிரி பக்கம் லாரிப் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் கை அழுக்காக்கியவன். பாதிக் காலம் இன்லைன் பம்ப் வண்டிகள் (பம்பிலிருந்தே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பைப் போகும் பழைய வகை), மீதிக் காலம் காமன் ரெயில். உங்கள் வண்டியின் சத்தத்தை நான் கேட்கவில்லை, புகையின் வாசனை எனக்கு வரவில்லை. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இன்ஜெக்டரை ஏன் மாற்றினீர்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. மைலேஜ் குறைந்தது, கறுப்புப் புகை வந்தது என்று மாற்றியிருந்தால் ஒரு கதை. ஏற்கெனவே இதே மிஸ்ஸிங் இருந்து, அதைத் தீர்க்கத்தான் மாற்றினீர்கள் என்றால் கதையே வேறு. அப்படியானால் பழைய இன்ஜெக்டர் குற்றவாளியாகவே இருந்திருக்காது. வால்வு, கம்ப்ரஷன், வயரிங் என்று வேறு இடத்தில் கிடந்த கோளாறு இன்னும் அங்கேயே கிடக்கிறது. நீங்கள் "மாற்றிய அன்றிலிருந்து" என்று சொல்வதால் முன்பு நன்றாக ஓடியது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நன்றாக ஓடிய வண்டி ஒரு வேலைக்குப் பிறகு கெட்டால், அந்த வேலையில் கை பட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கை படாத ஈசிஎம் அதே நாளில் தானாகச் சாவது அபூர்வம்.

சரி, எந்தச் சிலிண்டர்? ஸ்கேனரில் சிலிண்டர் கட் அவுட் டெஸ்ட் என்று இருக்கும். ஐடிலிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்திப் பார்க்க வேண்டும். நன்றாக எரிகிற சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் தடுமாறும், சத்தம் மாறும். எதை நிறுத்தியும் வித்தியாசம் தெரியவில்லையோ அதுதான் தூங்குகிற சிலிண்டர். ஸ்கேனர் வரத் தாமதமானால், வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் துப்பாக்கி போன்ற தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஆறு வாய்களையும் வரிசையாக அளந்து பாருங்கள். எரியாத சிலிண்டரின் வாய் மற்றதைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறிவிட்டால் இரும்பு முழுக்கச் சூடு பரவி வித்தியாசம் மங்கிவிடும், அதனால் காலை முதல் ஸ்டார்ட்டிலேயே பாருங்கள்.

இங்கே ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். பழைய இன்லைன் பம்ப் வண்டியில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்தி எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்போம். நானும் அப்படித்தான் தொழில் கற்றேன். காமன் ரெயிலில் அந்த வேலையைச் செய்யவே கூடாது. பழைய நாசில் (இன்ஜெக்டரின் தெளிக்கும் முனை) 200, 250 பார் அழுத்தத்தில் திறக்கும், அதுவே ஆபத்துதான். காமன் ரெயிலில் 1600 பாரும் அதற்கு மேலும் ஓடுகிறது. லாரி டயரில் 110 பவுண்டு காற்று என்பது சுமார் ஏழரை பார். அதைப் போல இருநூறு மடங்குக்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், அப்போது வலியும் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் விரலே போகும் நிலை வரலாம். அப்படி யாருக்காவது ஆனால் கழுவித் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடராமல், அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போய் "டீசல் உள்ளே ஏறிவிட்டது" என்று சொல்ல வேண்டும். லீக் இருக்கிறதா என்று பைப் மேல் விரலை ஓட்டிப் பார்ப்பதும் கூடாது, ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். எந்த நட்டைத் திறப்பதானாலும் இன்ஜினை நிறுத்தி பத்து நிமிடமாவது விடுங்கள்.

கட் அவுட் டெஸ்டில் மூன்று விதமாகப் பதில் வரலாம். ஒரே சிலிண்டர் தூங்கலாம். ஆறுமே சீராக இல்லாமல் ஏறி இறங்கி ஓடலாம். அல்லது மூன்று சிலிண்டர் சேர்ந்தாற்போல் செத்திருக்கலாம். மூன்றாவதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பல ஈசிஎம்களில் ஆறு இன்ஜெக்டரையும் மூன்று மூன்றாகப் பிரித்து மின்சாரம் கொடுப்பார்கள். அதில் ஒரு வயர் பாடியில் ஒட்டினால் அந்தப் பிரிவில் உள்ள மூன்றும் சேர்ந்து நின்றுபோகும். அப்படி இருந்தால் ஹெட்டின் மேல் மூடியான டாப்பட் கவரைக் கழற்றுங்கள். அவசரமாக மூடும்போது இன்ஜெக்டர் வயர் கவர் விளிம்பில் நசுங்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிக்கும் ஈசிஎம் போச்சு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

ஆறும் சேர்ந்து தடுமாறினால் காற்றையும் ரெயில் பிரஷரையும் பாருங்கள். இன்ஜெக்டர் மாற்றும்போது லைன் முழுக்கத் திறந்திருப்பீர்கள். கை பம்ப் அடித்து ஏர் எடுக்காமல் செல்ஃபை மட்டும் அடித்து ஸ்டார்ட் செய்திருந்தால், முதல் கொஞ்ச நேரம் இப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தக் காற்று அரை மணி நேர ஓட்டத்தில் போய்விடும். நான்கு நாளாக இருக்கிறது என்றால் பழைய காற்று காரணமாக இருக்க முடியாது, புதிதாக எங்கோ உறிஞ்சுகிறது. ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் லைனில் ஒரு முழம் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் போட்டுப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணிலேயே தெரியும். குமிழி இல்லை என்றால் ஸ்கேனரில் ரெயில் பிரஷர் பாருங்கள். ஈசிஎம் கேட்கும் பிரஷர் ஒரு எண், உண்மையில் இருக்கும் பிரஷர் இன்னொரு எண். ஐடிலிங்கிலும் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதும் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே போக வேண்டும். உண்மைப் பிரஷர் பின்தங்கினால் எங்கோ டீசல் ரிட்டர்னில், அதாவது டேங்குக்குத் திரும்பும் வழியில், ஓடிப்போகலாம்.

ரிட்டர்ன் பார்ப்பது எளிது, ஆனால் இன்ஜினைப் பொறுத்தது. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் வெளியே தனி ரிட்டர்ன் பைப் இருந்தால், ஆறு சின்னப் பாட்டில் வைத்து ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அளவை ஒப்பிடலாம். ஒன்று மட்டும் மற்றதைப் போல மூன்று நான்கு மடங்கு நிறைந்தால் அதுதான் ஆள். ஹெட்டுக்குள்ளேயே துளை வழியாக ரிட்டர்ன் போகும் இன்ஜின்களில் மொத்தமாகத்தான் அளக்க முடியும். அங்கே ரெயிலில் ஒவ்வொரு வாயாக அதற்குரிய மூடியால் அடைத்துப் பார்ப்பார்கள். எதை அடைத்தால் ரிட்டர்ன் சட்டென்று குறைகிறதோ அங்கே கசிவு. பக்கவாட்டிலிருந்து ஒரு கனெக்டர் குழாய் ஹெட்டுக்குள் போய் இன்ஜெக்டரைத் தொடும் வகை உங்கள் இன்ஜின் என்றால், என் சந்தேகம் முதலில் அந்தக் குழாய் மேல்தான். அதன் முனை பழைய இன்ஜெக்டரின் வாயில் அழுந்தி, அதற்குத் தகுந்த தடம் பதிந்திருக்கும். புது இன்ஜெக்டரில் அதையே திரும்ப வைத்தால் சரியாக உட்காராமல் உள்ளுக்குள் கசியும், வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. இன்ஜெக்டர் மாற்றும்போது அந்தக் குழாயையும் மாற்றுவதுதான் முறை. இறுக்குவதிலும் வரிசை உண்டு. இன்ஜெக்டர் கிளாம்பை லேசாகப் பிடித்து, குழாயின் நட்டைக் கையால் உட்காரவைத்து, பிறகு கிளாம்பை முழு டார்க் (மேனுவல் சொல்லும் இறுக்க அளவு) கொடுத்து, கடைசியில் குழாய் நட்டை முழு டார்க் கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் இன்ஜெக்டர் ஒருபக்கம் தள்ளி நிற்கும். டார்க் அளவை மட்டும் உங்கள் இன்ஜின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரே சிலிண்டர் தூங்குகிற கேஸ். நீங்கள் சொல்லும் வெள்ளைப் புகையையும் குலுக்கலையும் வைத்து, உங்கள் வண்டி இந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். இது ஊகம். இதில் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர். நானே மாட்டிக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிரா போக வேண்டிய ஜவ்வரிசி லோடு வண்டி. ஆறு இன்ஜெக்டரையும் நானே மாட்டினேன். ஸ்டார்ட் ஆனதும் நான்காவது சிலிண்டரில் மிஸ்ஸிங், கூடவே "சஃப் சஃப்" என்று மூச்சு வாங்குகிற சத்தம். புது இன்ஜெக்டர் மோசம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறொன்று வாங்கி மாட்டினேன். அதே மிஸ்ஸிங். இரண்டாவது நாள் சாயங்காலம் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தேன். அடியில் கரி மூடிக் கறுத்த ஒரு வளையம் இருந்தது. ஹெட்டின் பாகம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினேன், செம்பு மின்னியது. பழைய வாஷர் இன்ஜெக்டரோடு வெளியே வராமல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதன் மேல் புது வாஷரை வைத்து மாட்டியிருக்கிறேன். இரண்டு வாஷர் கனத்துக்கு இன்ஜெக்டர் மேலே தூக்கி நின்றது. நாசில் தெளிக்கும் டீசல் பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடத்தில் விழாமல் விளிம்பில் போய் அடித்தது, கம்ப்ரஷனும் பக்கவாட்டில் வெளியேறியது. கம்பி வளைத்து வாஷரை எடுத்து, வாஷர் அமரும் இடமான சீட்டைச் சுத்தம் செய்து, திரும்பக் கொடுக்க இருந்த முதல் இன்ஜெக்டரையே மாட்டினேன். வண்டி பூ மாதிரி ஓடியது. கடைக்காரர் முகத்தில் முழிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

அதனால் உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: கழற்றும்போது ஆறு பழைய வாஷரும் எண்ணிக்கைக்கு வந்ததா? பழைய வாஷரையே திரும்பப் போட்டாரா? புது வாஷரின் கனம் பழையதோடு ஒத்துப்போனதா? ஒரே இன்ஜினுக்கு ஒன்றரை மில்லி, இரண்டு மில்லி, மூன்று மில்லி என்று பல கனத்தில் வாஷர் கடையில் கிடைக்கும், தட்டில் கலந்து கிடக்கும். சீட்டில் கரி இருந்து வாஷர் சரியாக அமராவிட்டாலும் இதே கதைதான். இன்ஜெக்டர் இறங்கும் இடத்தைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாக ஈரம் படிந்திருந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றும் புகையும் வெளியேறுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சில ஹெட்டுகளில் இன்ஜெக்டரைச் சுற்றி ஒரு ஸ்லீவ் இருக்கும், அதன் மறுபக்கம் ரேடியேட்டர் தண்ணீர். கழற்றும்போது அது அசைந்திருந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும், தண்ணீர் குறையும், வெள்ளைப் புகையில் டீசல் நெடி இல்லாமல் ஒரு இனிப்பு வாசனை அடிக்கும். உங்கள் புகையை ஒருமுறை மோந்து பாருங்கள். கண்ணை எரிக்கும் பச்சை டீசல் நெடி என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம்.

டாப்பட் கவரைத் திறந்த கையோடு இன்னும் இரண்டு இடம். இன்ஜெக்டரை வெளியே எடுக்க வால்வை அழுத்தும் ராக்கரைக் கழற்றியிருந்தால் டாப்பட் கேப்பை, அதாவது வால்வு இடைவெளியை, மறுபடி வைத்தாரா என்று கேளுங்கள். கேப் இல்லாமல் இறுகியிருக்கும் வால்வு முழுதாக மூடாது, அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் நிற்காது. எவ்வளவு நல்ல இன்ஜெக்டர் போட்டாலும் அங்கே எரியாது. அப்புறம் இன்ஜெக்டர் தலையில் இருக்கும் வயர் நட்டு. மிகச் சின்ன நட்டு, ஒன்றரை நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் இறுக்கம் கேட்கும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடித்த கைக்கு அது தெரியாது, முறுக்கினால் உள்ளே ஒடிந்துவிடும். ஈசிஎம்மில் எஸ்பிஎன் (எந்தப் பாகம் என்று சொல்லும் எண்) 651 முதல் 656 வரை ஏதாவது பிழைக் கோடு (code) வந்தால், அது ஒன்றாம் சிலிண்டரிலிருந்து ஆறாம் சிலிண்டர் வரை இன்ஜெக்டர் சர்க்யூட்டைக் குறிக்கிறது. கூடவே எஃப்எம்ஐ (என்ன வகைக் கோளாறு என்று சொல்லும் எண்) 5 என்றால் சர்க்யூட் திறந்திருக்கிறது, 6 என்றால் ஷார்ட் பக்கம் தேட வேண்டும். கோடே வராமல் மிஸ்ஸிங் இருந்தால் வயரிங் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். முழு நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், சூடானால் மட்டும் விட்டுப்போகும் இணைப்புகள் உண்டு.

இது பிழைக் கோடு இல்லாத வேறொன்று: இன்ஜெக்டர் கோடு பற்றி நிறையப் பேர் பேசுவார்கள். பல காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி பொறித்திருக்கும். அந்த இன்ஜெக்டர் கொஞ்சம் அதிகம் விடுமா குறைவாக விடுமா என்பதை ஈசிஎம்முக்குச் சொல்லும் சீட்டு அது. புதிது போட்டால் அதை ஸ்கேனரில் சிலிண்டர் வாரியாக ஏற்ற வேண்டும். எல்லா இன்ஜினுக்கும் இது கிடையாது; உங்கள் மாடலுக்கு உண்டா என்று விசாரியுங்கள். ஏற்றாவிட்டால் ஐடிலிங் கரடுமுரடாக இருக்கும், தட்டுகிற சத்தம் வரும், புகை கூடும். ஆனால் கோடு ஏற்றாததால் ஒரு சிலிண்டர் முழுதாகவே செத்துப்போவதை நான் கண்டதில்லை. அதனால் கட் அவுட்டில் ஒரு சிலிண்டர் தெளிவாகத் தூங்கினால் கோடு மேல் பழி போட்டு அங்கேயே நிற்காதீர்கள்.

இன்ஜெக்டர் மேல் குற்றமே இருக்காதா என்றால், நிச்சயம் இருக்கலாம். புதிதா, ரீகண்டிஷனா என்று நீங்கள் எழுதவில்லை. ரீகண்டிஷன் என்றால் நாசில் நம்பரை ஆறிலும் படித்துப் பாருங்கள். டிஎல்எல்ஏ என்று தொடங்கும் நாசிலில் அடுத்து வரும் எண், டீசல் விரிந்து தெளிக்கும் கோணம். ஐந்தில் ஒரு எண்ணும் ஒன்றில் வேறு எண்ணும் இருந்தால் அந்தச் சிலிண்டர் எப்படி ஒத்துப்போகும்? அடுத்தது தூசி. நாசில் ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவே சில மைக்ரான்தான் இடைவெளி. நம் பட்டறைகளில் கை துடைக்கிற பனியன் வேஸ்டாலேயே பைப் வாயைத் துடைப்பார்கள், அந்த நூல் ஒன்று உள்ளே போனால் போதும். கடைக்காரர் பெஞ்சில் பார்த்தபோது நன்றாக இருந்த இன்ஜெக்டர், வண்டியில் ஏறிய பத்தாவது நிமிடம் கெட்டிருக்கலாம். அப்படியானால் அவர் சொன்னதும் உண்மை, உங்கள் மெக்கானிக் சொல்வதும் உண்மை.

இதைத் தீர்க்க ஒரே ஒரு பரிசோதனை போதும். தூங்குகிற சிலிண்டரின் இன்ஜெக்டரையும் நன்றாக ஓடும் ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டரையும் இடம் மாற்றுங்கள். இரண்டுக்கும் புது வாஷர், சுத்தமான சீட், கோடு உண்டென்றால் அதையும் இடம் மாற்றி ஏற்றுங்கள். மிஸ்ஸிங் இன்ஜெக்டரோடு சேர்ந்து புது இடத்துக்குப் போனால் இன்ஜெக்டர்தான் குற்றவாளி. தைரியமாகக் கடைக்குத் திருப்பி எடுத்துப்போகலாம், மறுபடி பெஞ்சில் உங்கள் கண் முன்னால் போடச் சொல்லலாம். மிஸ்ஸிங் பழைய சிலிண்டரிலேயே நின்றால் டாப்பட், கம்ப்ரஷன், வயர், ஸ்லீவ் என்று அந்தச் சிலிண்டரைத் தோண்ட வேண்டும். மிஸ்ஸிங்கே காணாமல் போனால் மாட்டியதில்தான் தவறு. ஈசிஎம்மைத் தொடுவது இதெல்லாம் முடிந்த பிறகுதான். இன்ஜெக்டர் வேலையோடு சேஸிஸில் வெல்டிங்கும் செய்து, பேட்டரி வயரைக் கழற்றாமல் விட்டிருந்தால் மட்டும் ஈசிஎம் பேச்சுக்கு நான் காது கொடுப்பேன்.

இது முடியும் வரை லோடு ஏற்றி ஓட்டாதீர்கள். எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். தினமும் காலையில் டிப் ஸ்டிக் எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ டீசல் நெடி அடித்தாலோ ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், ஆயிலை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒழுகும் நாசிலோடு ஏற்றத்தில் இழுத்தால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழலாம். அப்போது செலவு இன்ஜெக்டர் விலையில் நிற்காது.

எந்தச் சிலிண்டர், என்ன கோடு, ஐடிலிங்கில் ரெயில் பிரஷர் கேட்டது எவ்வளவு வந்தது எவ்வளவு, இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள், அதை வைத்து மேலே சொல்கிறேன். கழற்றிய பழைய இன்ஜெக்டர் ஆறையும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் வைத்திருந்தால் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். இடம் மாற்றிப் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், முன்பு ஓடிக்கொண்டிருந்த அந்தப் பழையதில் ஒன்றைத்தான் தூங்குகிற சிலிண்டரில் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.